ரூபாயைக் கைவிடும் முன் எங்களைக் கேளுங்கள்

மொரீஷியஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த நாட்டின் ரூபாயில் சம்பளம் வாங்கி, ரூபாயில் வீட்டுக்கடன் கட்டி, இப்போது ரூபாயில் ஓய்வூதியம் பெறுகிறவன். ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒரே பணம் என்ற திட்டத்துக்காக அந்த ரூபாயைக் கைவிடலாமா என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்களில் யாரிடமாவது இப்போது ஒரு நூறு ரூபாய்த் தாள் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். நம் கல்வி அமைச்சராக இருந்தவர். 1958-இல் காலமானார், இந்த நாடு விடுதலை பெற்றதை அவர் பார்க்கவில்லை. அதே தாளில் ஆங்கிலத்தோடு தமிழிலும் தேவநாகரியிலும் தொகை எழுதியிருக்கும். தமிழ் எண்ணும் இருக்கும். என் மாணவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். தமிழ் எண்களைப் பாடப்புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் நான் பணத்தாள்களைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பாடம் நடத்துவேன். மறுநாள் ஒரு பிள்ளை ஓடிவந்து, "சார், கடைக்காரர் கொடுத்த மீதிப் பணத்தில் நான் தமிழ் படித்தேன்" என்று சொல்லும். சென்னையிலிருந்து வந்த என் மனைவியின் உறவினர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஊரிலேயே தமிழ் எண்ணில் யாரும் பணத்தை எண்ணுவதில்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு சின்னத் தீவு எண்ணுகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ரூபாயை விடக்கூடாது என்று ஒரு தமிழன் எழுதினால், எழுத்துக்காகத்தான் அழுகிறான் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆம், அந்த எழுத்து எனக்கு முக்கியம். 1998 நவம்பரில் வந்த புதிய தாள்களில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது தெருவில் இறங்கியவர்களில் நானும் ஒருவன். அதுவரை ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்றிருந்த வரிசையை மாற்றியிருந்தார்கள். 1730-களிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாக வந்து போர்ட் லூயிஸைக் கட்டியவர்களின் மொழிக்கு இதுவா மரியாதை என்று கேட்டோம். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999-இல் பழைய வரிசையோடு புதியவை வந்தன. அன்று எனக்கு ஒன்று புரிந்தது. பணம் நம்முடையதாக இருந்ததால்தான் அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது. கேட்க ஒரு அமைச்சர் இருந்தார், பதில் சொல்ல ஒரு மத்திய வங்கி இருந்தது, இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில். இதே பணம் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலோ வேறெங்கோ அச்சாகியிருந்தால் நாங்கள் யார் வாசலில் போய் நின்றிருப்போம்?

சரி, எழுத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். இனி நான் சொல்வதெல்லாம், அந்தத் தாளில் தமிழ் ஒரு புள்ளிகூட இல்லையென்றாலும் நான் சொல்லக்கூடியவை.

தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம், நாம் சாடெக் என்று சொல்வது, 2003-இல் ஒரு கால அட்டவணை போட்டது. 2008-இல் தடையற்ற வணிகப் பகுதி, 2010-இல் சுங்க ஒன்றியம், 2015-இல் பொதுச் சந்தை, 2016-இல் நாணய ஒன்றியம், 2018-இல் எல்லோருக்கும் ஒரே பணம். முதல் படியை ஏறினார்கள். இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டார்கள். 2018 வந்து போய்விட்டது. ஆனாலும் யாரும் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடவில்லை. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை அமைப்பான கொமேசாவுக்கும் தன் நாடுகளுக்கு ஒரே நாணயம் வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரு மத்திய வங்கி என்பது 1991-இன் அபுஜா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாம் இவை எல்லாவற்றிலும் உறுப்பினர்கள். ஆகவே என்றைக்காவது ஒரு நாள் இது ஒரு மசோதாவாக உங்கள் மேசைக்கு வரும். "நெருங்கிய ஒற்றுமை", "ஆப்பிரிக்கச் சகோதரத்துவம்" என்ற நல்ல சொற்களோடுதான் வரும். அந்தச் சொற்களை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒற்றுமைக்கு விலையாக ரூபாயைக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. கொடுக்கக்கூடாது என்பது என் பதில்.

பணத்தை இன்னொருவர் கையில் கொடுத்து வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் ரூபாயே அப்படித்தான் பிறந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளோடு இந்திய ரூபாயும் இந்தத் தீவுக்கு வந்தது. 1876-இல் ரூபாயே சட்டப்படி நம் பணமானது. இந்திய ரூபாயின் மதிப்பே அதற்கும் மதிப்பு. பிறகு 1934-இல் அதைப் பவுண்டோடு கட்டினார்கள். 1967 நவம்பரில் லண்டனில் பிரிட்டிஷ் அரசு பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது நம் ரூபாயும் கூடவே இறங்கியது. பிரிட்டனின் ஏற்றுமதிக் கணக்குக்காக எடுத்த முடிவு அது. நம் கடைகளில் அரிசி விலையை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஏன் யோசிக்க வேண்டும்? அவர்களுக்கு வாக்குப் போட்டவர்கள் நாம் இல்லையே. எனக்கு அப்போது பத்து வயது. "எவனோ தும்மினால் நமக்கு ஜலதோஷம்" என்று அப்பா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதே ஆண்டில்தான் நம் மத்திய வங்கியான மொரீஷியஸ் வங்கியும் நிறுவப்பட்டது. அடுத்த மார்ச்சில் கொடி ஏறியது.

ரூபாய் நம் கைக்கு வந்த பிறகு எல்லாம் சுகமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1979-லும் 1981-லும் நம் அரசே மதிப்பைக் குறைத்தது. சர்க்கரை விலை ஏறியிருந்த 70-களின் நடுவில் தாராளமாகச் செலவழித்துவிட்டு, விலை இறங்கியதும் மாட்டிக்கொண்டோம், அதுதான் காரணம். இறக்குமதி செய்ததெல்லாம் விலை ஏறியது. அம்மா பால்மாவுத் தகரத்தைப் பூட்டி வைத்தாள். அந்த வலியை நான் மறக்கவில்லை.

ஆனால் அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பதையும் மறக்க முடியாது. 80-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தையல் ஆலைகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. வரிச்சலுகை, ஐரோப்பியச் சந்தை, ஹாங்காங்கிலிருந்து வந்த முதலீடு என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நம் துணியின் விலை வெளிநாட்டில் கட்டுப்படியாகும்படி ரூபாய் இருந்தது. என் மனைவி பதினெட்டு வயதில் அப்படி ஒரு ஆலையில் சேர்ந்தாள். அவள் தைத்த சட்டைகளின் கூலியில்தான் எங்கள் வீட்டின் முதல் அறை எழுந்தது. கூலியைக் கையால் வெட்டினால் போராட்டம் வெடிக்கும், ஆலை மூடும், குடும்பம் குடும்பமாக முரண்படும். ஒரு நாடே தன் பொருளை மலிவாக்க வேண்டிய நேரத்தில், பணத்தின் மதிப்பு கொஞ்சம் இறங்கிச் சுமையை எல்லோர் தோளிலும் பரப்பிவிடுகிறது. அது நல்ல வழி என்றில்லை. மற்ற வழிகள் அதைவிடக் கொடுமையானவை.

எவ்வளவு கொடுமை என்பதைக் கிரேக்கம் காட்டியது. 2010-க்குப் பிறகு அந்த நாட்டுக்கு இறக்குவதற்குச் சொந்தப் பணம் இல்லை. யூரோவில் இருந்தது. ஆகவே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இறக்கினார்கள். பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது. 2013-இல் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் வேலை இல்லை. இளைஞர்களில் பாதிப்பேருக்கு மேல் இல்லை. ஐஸ்லாந்து மக்கள்தொகையில் நம்மைவிடச் சின்ன நாடு. 2008-இல் அதன் வங்கிகள் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. அதன் குரோனா பாதி மதிப்பை இழந்தது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பெரும் அவதிப்பட்டார்கள். ஆனாலும் மீனும் சுற்றுலாவும் சில ஆண்டுகளில் நாட்டைத் தூக்கிவிட்டன. வேலையின்மை ஒருபோதும் கிரேக்கத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. நம் நாட்டுக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும். பக்கத்திலேயே இருக்கும் ரீயூனியன் யூரோவில்தானே வாழ்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். என் தங்கை கல்யாணமாகிச் சேந்த்-ஆந்த்ரேயில் இருக்கிறாள். அங்கே போய் வருகிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

2002 ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு கடந்ததும், ரீயூனியனின் சேந்த்-தெனி மேயர் சந்தையில் யூரோ கொடுத்து லிச்சிப் பழம் வாங்கினார். நேர வித்தியாசத்தால் ஐரோப்பாவுக்கு முன்பே அங்கே புத்தாண்டு பிறந்துவிடும். எனவே யூரோ காசு கைமாறிய முதல் இடங்களில் ஒன்று நம் பக்கத்துத் தீவு. தங்கை அன்று தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அவளுக்கு அந்தப் பணத்தால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை? ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே புயல் அடித்தால் பாரிஸின் கஜானா திறக்கும். வேலை போனால் பிரெஞ்சு உதவித்தொகை வரும். அரசு ஊழியருக்குத் தீவுப்படி சேர்த்துச் சம்பளம் வரும். இளைஞர்கள் விமானம் ஏறி லியோனிலோ மார்செய்யிலோ வேலை தேடலாம், விசா என்ற சொல்லே வேண்டாம். அவர்கள் பணத்தை மட்டும் பங்கு போடவில்லை, கஜானாவையும் பங்கு போடுகிறார்கள். அப்படியிருந்தும் விலைவாசி தாங்காமல் 2018 நவம்பரில் அந்தத் தீவே பிரான்சின் போராட்டக்காரர்களைப் போல மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலையை மறித்தது. ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. தங்கை நான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

சாடெக்கில் அப்படி ஒரு கஜானா இருக்கிறதா? இல்லை. வைக்கும் எண்ணமாவது இருக்கிறதா? நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் இல்லை.

எங்கள் சொந்தக் குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் ஒரே லாக்கூரில், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்தார்கள். மூவரின் கூலியும் பாட்டியின் தகரப்பெட்டிக்குள் போகும். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் சின்னச் சித்தப்பாவின் தகரக்கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த வாரமே பாட்டி பெட்டியைத் திறந்து கூரை போட்டுக்கொடுத்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. பாட்டி போன பிறகு பெட்டி போயிற்று. மூன்று அடுப்பு ஆயிற்று. ஆனால் தைப்பூசக் காவடிக்கும், கல்யாணத்தில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவதற்கும், இன்றுவரை மூன்று வீடும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். பெட்டி ஒன்றாக இருந்தால் பணமும் ஒன்றாக இருக்கலாம். பெட்டி வேறு வேறாக இருக்கும்போது, "உன் கூலியை எவ்வளவு என்று நான் தீர்மானிக்கிறேன், உன் கூரை பறந்தால் அது உன் பாடு" என்று ஒருவர் சொன்னால் அதற்குக் கூட்டுக்குடும்பம் என்று பெயர் வைக்க முடியுமா?

நம் வட்டாரத்திலேயே பாடம் இருக்கிறது. லெசோத்தோ, எஸ்வத்தினி, நமீபியா மூன்றும் தங்கள் பணத்தைத் தென்னாப்பிரிக்காவின் பணமான ராண்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டியிருக்கின்றன. வட்டி வீதத்தைத் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி தன் நாட்டு நிலைமையைப் பார்த்து முடிவுசெய்கிறது. மற்ற மூன்றும் பெரும்பாலும் பின்னால் போகின்றன. 2001-இல் ராண்ட் ஒரே ஆண்டில் டாலருக்கு எட்டுக்குக் கீழே இருந்தது பதின்மூன்றைத் தாண்டிச் சரிந்தது. அந்த மூன்று நாடுகளின் பணமும் கூடவே சரிந்தது. அவர்கள் செய்த தவறு எதுவும் அதில் இல்லை. அந்த நாடுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாலாபக்கமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோவுக்கு வேறு வழி எளிதில்லை.

ஆனால் போட்ஸ்வானா வேறு வழி பார்த்தது. 1976-இல் ராண்டை விட்டு வெளியே வந்து சொந்தப் பணம் அச்சடித்தது. அதற்குப் பூலா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் மழை என்று பொருள். பாலைநிலத்து மக்கள் தங்கள் பணத்துக்கு மழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ செய்யும், அதனால் இங்கே எழுதுகிறேன். போட்ஸ்வானா அன்று உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. "உங்களால் முடியாது" என்று சொல்ல ஆள் இருந்திருக்கும். வைரம் அவர்களுக்குக் கைகொடுத்தது உண்மை. அந்த வைரப் பணத்தைச் சிதறவிடாமல் தங்கள் வங்கியால் கையாள முடிந்தது என்பதும் உண்மை. ராண்டைவிட்டது என்பதற்காகப் போட்ஸ்வானா, பின்னர் உருவான சாடெக்கில் சேராமல் ஒதுங்கி நிற்கவில்லை. சாடெக்கின் தலைமையகமே அவர்கள் தலைநகர் காபரோனில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் கொமோரோஸைப் பாருங்கள், அதுவும் நம்மைப் போல இந்தியப் பெருங்கடல் தீவு, இப்போது சாடெக் உறுப்பினர். அதன் பிராங்க் பிரெஞ்சுப் பிராங்கோடு கட்டப்பட்டிருந்தது. 1994 ஜனவரியில் செனகலின் டக்காரில் கூடி எடுத்த ஒரு முடிவால், பிரான்சின் முன்னாள் காலனிகள் பல ஆப்பிரிக்காவில் பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்க் ஒரே இரவில் பாதி மதிப்புக்கு வந்தது. கொமோரோஸின் பணம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட மாறாமலிருந்த மதிப்பு அது. கட்டிவைத்த பணம் உறுதியாக இருக்கும் என்பார்கள். உறுதியாகத்தான் இருக்கும், அறுகிற நாள்வரை.

சாடெக்கின் பதினாறு நாடுகளையும் ஒரு வரியில் நிறுத்திப் பாருங்கள். அங்கோலா எண்ணெய் விற்கிறது, நாம் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் வாங்குகிறோம். எண்ணெய் விலை ஏறினால் அங்கோலாவுக்குத் தீபாவளி, நமக்குத் திண்டாட்டம். சாம்பியாவுக்கும் காங்கோவுக்கும் செம்பின் விலைதான் தலையெழுத்து. நமக்கு அதில் ஒன்றும் இல்லை. நம் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் வருகிறது. அங்கே குளிர் கொஞ்சம் குறைந்தால் இங்கே விடுதி அறைகள் காலியாகும். ஒரு நாட்டுக்கு வட்டியைக் கூட்ட வேண்டிய நேரத்தில் இன்னொரு நாட்டுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரே வங்கி இருவரையும் எப்படிக் கவனிக்கும்? பெரிய நாட்டைக் கவனிக்கும். பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் தீவை யார் கவனிப்பார்கள்?

நுழைவுக்கான நிபந்தனைகளையும் பார்க்கலாம். அரசின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், பொதுக்கடன் 60 சதவீதத்துக்குள் என்று வைத்திருக்கிறார்கள். நம்முடைய கடனே 80-ஐத் தாண்டியிருக்கிறது. அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமக்காகக் குறைப்பது வேறு, இன்னொரு மன்றத்தின் அட்டவணைக்காக முதியோர் ஓய்வூதியத்தில் கைவைப்பது வேறு.

இதுவரை சொன்னதை வைத்து, நான் ரூபாயை நடத்தியவர்களைப் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றியப் பணத்தை ஆதரிப்பவர்களின் வாதங்களில் எனக்கு மறுக்க முடியாதது ஒன்று உண்டு. சொந்தப் பணம் வைத்திருக்கும் அரசுக்கு அதை அச்சடிக்கும் ஆசை வரும் என்கிறார்கள். ஜிம்பாப்வேயைக் காட்டுகிறார்கள். 2008-இல் அங்கே பணவீக்கம் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குப் போனது. நூறு லட்சம் கோடி டாலர் என்று ஒரே தாளில் அச்சடித்தார்கள். அதைக் கொண்டுபோய் ரொட்டி வாங்க முடியவில்லை. 2009-இல் சொந்தப் பணத்தையே கைவிட்டு அமெரிக்க டாலருக்குப் போனார்கள். 2019-இல் திரும்பி வந்தார்கள். 2024-இல் மறுபடியும் புதுப் பணம். ஒரு தலைமுறையின் சேமிப்பு ஆவியாகிவிட்டது.

நாம் அந்த இடத்தில் இல்லை. ஆனால் அந்தத் திசையில் ஒரு அடி வைத்தோம். 2020 மார்ச்சில் விமான நிலையத்தை மூடினோம். அதற்கு முந்தைய ஆண்டு பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்த நாடு வெறிச்சோடியது. அந்த ஆண்டு பொருளாதாரம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. என் மருமகன் கிராண்ட் பேயில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்பவர். அவருக்கு மாதாமாதம் அரசின் ஊதிய உதவி வந்தது, அதில்தான் என் பேத்தி பசியறியாமல் இருந்தாள். இதற்கெல்லாம் கைகொடுக்கச் சட்டத்தைத் திருத்தி, மத்திய வங்கியிடமிருந்து அரசு 60 பில்லியன் ரூபாயைத் திருப்பித் தர வேண்டாத தொகையாக எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களைத் தாங்கிப் பிடிக்க மொரீஷியஸ் முதலீட்டுக் கழகத்துக்கு இன்னொரு 80 பில்லியன். ராண்டிலோ வேறொரு பொதுப் பணத்திலோ இருந்திருந்தால் அந்த உதவியை நாம் யாரிடம் கேட்டிருப்போம் என்று யோசிக்கிறேன். அந்த மாதங்களில் ரூபாய் நம் மேல் விழவிருந்த அடியைத் தாங்கியது. பேத்தியின் முகத்தை வைத்து இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கணக்கு வந்தது. 2020 தொடக்கத்தில் டாலருக்கு 37-க்கு அருகில் இருந்த ரூபாய் சில ஆண்டுகளில் 45-ஐத் தாண்டியது. 2022-இல் பணவீக்கம் 10.8 சதவீதம். உக்ரைன் போரும் கப்பல் கட்டணமும் அதில் பெரும்பங்கு. ஆனால் எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் ஓய்வூதியத்தில் வாங்கும் மீன் டப்பா, எண்ணெய், மருந்து எல்லாம் சுருங்கின. சேமிப்பை வங்கியில் வைத்திருந்த விதவைகளின் பணம் கரைந்தது. யூரோவில் விற்கும் விடுதி முதலாளிக்கு ரூபாய் இறங்கினால் லாபம், சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு நஷ்டம். இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் இளைஞர்கள் சிலர், "பேசாமல் யூரோவோ ராண்டோ வந்தால் தேவலை" என்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நோய் ரூபாயில் இல்லை. ரூபாயைக் காக்க வேண்டிய வங்கியின் மேல் அரசின் கை எளிதாகப் படிகிறது என்பதில் இருக்கிறது. அந்தக் கையைக் கட்ட வேண்டியது நீங்கள். 60 பில்லியனுக்கு வழிவிட்ட திருத்தம் உங்கள் அவையில்தான் நிறைவேறியது. அவசரத்துக்கு வழி வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு, திருப்பிக் கட்ட ஒரு கெடு, வங்கியின் ஆளுநரைப் பதவிக்காலம் முடியும்வரை அசைக்க முடியாத பாதுகாப்பு, இவை மூன்றையும் சட்டத்தில் எழுதுங்கள். ரூபாய் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்கிற எனக்கு, அது நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கும் கடமையும் இருக்கிறது.

நெருக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பணத்தைக் கொடுக்காமலே நெருங்க வழி உண்டு. கொமேசா நாடுகளின் வணிகர்கள் ஒருவருக்கொருவர் பணம் செலுத்தும் வட்டார ஏற்பாடு 2012-இல் தொடங்கியது. அதில் கணக்குத் தீர்க்கும் வங்கியாக இருப்பது நம் மொரீஷியஸ் வங்கி. இது நம் நாட்டுக்கு எவ்வளவு பெரிய பெருமை! எத்தனை பேருக்குத் தெரியும்? சாடெக்குக்கும் அப்படி ஓர் ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. மடகாஸ்கரில் ஆலை வைத்திருக்கும் நம் தையல் நிறுவனத்துக்கும், கென்யாவுக்குச் சர்க்கரை அனுப்புகிறவருக்கும் உண்மையில் தேவை மலிவான, விரைவான பணப் பரிமாற்றம். அதற்கு ஒரே பணம் வேண்டியதில்லை. துறைமுகம், கப்பல், விசா, பட்டச் சான்றிதழ், இவற்றில் எத்தனை தடை இன்னும் இருக்கிறது! அவற்றை நீக்குங்கள், அடுத்த தலைமுறை உங்களை வாழ்த்தும். நம்மவர்களுக்குத் தெரிந்த இன்னொரு உதாரணம் சிங்கப்பூரும் புருனேயும். 1967 முதல் இரண்டு நாடுகளும் தனித்தனிப் பணம் வைத்திருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மதிப்பில் ஏற்றுக்கொள்கின்றன. நாளைக்கு வேண்டாமென்றால் விலகிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. ஒரே பணத்துக்குள் போனவர்கள் வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதை 2015-இன் கிரேக்கத்தில் பார்த்தோம், வங்கி இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும் எடுக்க மக்கள் வரிசையில் நின்ற அந்தக் கோடையில்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றும் ஒரே ஷில்லிங் வைத்திருந்தவை. 1966-இல் பிரிந்தார்கள். இப்போது மறுபடி ஒன்றாகச் சேர 2013-இல் கையெழுத்திட்டார்கள். 2024 என்ற கெடு 2031-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் திட்டமிட்ட பொதுப் பணமான ஈக்கோவும் பலமுறை தள்ளிப்போயிற்று. யாரும் சோம்பேறிகள் இல்லை. பெட்டியை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நம் அரசியலமைப்பின் முதல் பிரிவு, மொரீஷியஸ் இறையாண்மை உள்ள ஜனநாயக நாடு என்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் பொதுவாக்கெடுப்பில் சம்மதிக்க வேண்டும், அப்புறம் உங்கள் அவை முழுவதும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். நம் பணம் ரூபாய் என்பதோ 2004-இன் மொரீஷியஸ் வங்கிச் சட்டத்தில் இருக்கிறது. சாதாரணச் சட்டம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் சாதாரணப் பெரும்பான்மையோடு அதை மாற்றிவிட முடியும். கொடிக்கு இருக்கும் காவல் பணத்துக்கு இல்லை. சுவீடன் யூரோவில் சேருவதா என்பதை 2003-இல் மக்களிடமே கேட்டது. நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்றார்கள். அரசு விரும்பிய பதில் அது இல்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டது. சுவீடன் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது, தன் குரோனாவோடு.

ஆகவே, ரூபாயைக் கைவிடும் எந்த ஒப்பந்தமும் பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்று அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாடெக்கின் அட்டவணை மறுபடி தூசி தட்டப்படுவதற்கு முன்பே, யாரும் அவசரப்படாத இந்த நேரத்திலேயே சேருங்கள். ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் இதில் நீங்கள் சேர முடியும் என்று நம்புகிறேன். அந்தக் கேள்வியைக் கிரியோலில் கேளுங்கள், எல்லோருக்கும் புரியட்டும். தாளில் இருப்பதுபோலத் தமிழிலும் தேவநாகரியிலும் ஒரு வரி இருந்தால் நான் மகிழ்வேன்.

என் பேத்திக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் தால் பூரி வாங்கிவரப் பணம் கொடுத்தேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதில் இருப்பவர் நம்மவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மற்றத் தாள்களில் இருப்பவர்கள்?" ஐம்பது ரூபாயில் பத்துரோ, இருநூறில் அப்துல் ரசாக் முகமது, இருபத்தைந்தில் ஆ-சுவென், ஆயிரத்தில் துவால் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்களும் நம்மவர்களா என்று கேட்டாள். அவர்களும் நம்மவர்கள்தான் என்றேன். அவள் பணத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில்